ஏரியில் கட்டிக்கிடக்கும் படகுக்குப் பாசித்தடுப்புச் சாயம் பூசுவது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் படகு வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். என்னுடையது 14 அடி பைபர் படகு, செண்டரோ ஏரியில் கட்டிக் கிடக்கும். மீன்பிடித்த கையோடு டிரெய்லரில் வீட்டுக்கு இழுத்து வருகிறவருக்கு இந்தப் பதிவு வேண்டாம், கழுவிக் காயவைத்தாலே போதும்.

நன்னீரில் கடல் கொட்டலசு (படகடியில் ஒட்டி வளரும் ஓட்டு உயிரி) வராது. வருவது வழுவழுப்பும் அதன்மேல் பாசியும்தான், ஆனால் அதற்கே படகு கனத்துப் போய் பெட்ரோல் குடிக்கும்.

படகை மேலே ஏற்றியதும், ஈரம் காய்வதற்குள் தேய்த்துக் கழுவிவிடுங்கள். காய்ந்தால் சிமெண்டு மாதிரி பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது மெழுகு. நான் கவிழ்ந்த இடம் இதுதான். பைபர் படகின் மேல், அதை வார்த்த அச்சிலிருந்து ஒட்டி வந்த மெழுகு இருக்கும், அது தெரியாமல் நேராக உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன், மெழுகு கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, பூசிய சாயம் மூன்றே மாதத்தில் வாழைத்தோல் மாதிரி உரிந்தது. அதனால் முதலில் மெழுகு நீக்கும் தின்னரால் துடையுங்கள். ஒரு துணியால் தடவி, அது ஆவியாகும் முன் வேறு சுத்தமான துணியால் எடுக்க வேண்டும், துணியை அடிக்கடி மாற்றுங்கள். அப்புறம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சேப்பிலையில் போல முத்து முத்தாக நின்றால் மெழுகு இன்னும் போகவில்லை, விரிந்து பரவினால் சரி.

பிறகு 80ஆம் எண் உப்புத்தாளால் தேயுங்கள். பழைய பாசித்தடுப்புச் சாயம் இருந்தால் ஈரமாகவே தேயுங்கள், முகமூடி போடுங்கள், அந்தத் தூள் விஷம்.

எபாக்சி பிரைமர் (அடிப்பூச்சு) பூசி, கட்டைவிரலை வைத்தால் ரேகை பதிந்து பிரைமர் விரலில் ஒட்டாத பதத்தில் பாசித்தடுப்புச் சாயத்தை ஏற்றுங்கள். டின்னை அடிவரை கிண்டணும், சாயத்தில் இருக்கும் செம்பு கனம், கீழே படிந்திருக்கும். பிரஷ் வேண்டாம், குட்டை ரோமமுள்ள ரோலர்தான் என் கட்சி. இரண்டு பூச்சு, வெயில் படும் நீர்மட்டக் கோட்டில் மட்டும் மூன்றாவது. மதியத்துக்கு மேல் மழை வரும் ஊர் நம்முடையது, காலையிலேயே தொடங்குங்கள். எப்போது நீரில் இறக்கலாம் என்பது டின்னிலேயே இருக்கும்.

பின்சேர்க்கை: அலுமினியப் படகுக்கும் இதே சாயமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். கூடவே கூடாது, செம்பு ஆக்சைடு சாயம் அலுமினியத்தை அரித்துவிடும். அலுமினியத்துக்கு என்றே டின்னில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். படகுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்று மாட்டும் உலோகக் கட்டிக்கும் (அனோடு) நன்னீரில் துத்தநாகம் சரிவராது, மக்னீசியம் போடுங்கள், அதன்மேல் சாயம் பட்டுவிடாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.