கீழறைத் தரை சூடான கதை

ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். இங்கே ஜூலைதான் குளிர்காலம்; அந்த இரவுகளில், நகரின் புறநகரான லெனேசியாவில் எங்கள் வீட்டுக் கீழறையில் வெறுங்காலை வைத்தால் ஐஸ்தான். போன வருஷம் 12 சதுர மீட்டருக்கு ஹீட்டிங் கேபிள் பாய் (கரண்டில் சூடாகும் கம்பி பதித்த விரிப்பு) வாங்கி, கான்கிரீட் மேலேயே விரித்து டைல்ஸ் ஒட்டிவிட்டேன். மூன்று மணி நேரம் ஓடியும் தரை வெதுவெதுப்பாகவில்லை. முன்பணம் கட்டி வாங்கிய கரண்ட் யூனிட்தான் கரைந்தது. சூடெல்லாம் மண்ணுக்குப் போயிருக்கிறது.

எல்லாவற்றையும் பெயர்த்தோம். "அப்பவே சொன்னேன்ல," என்றார் அம்மா. சொல்லவில்லை. இந்த முறை முதலில் சூடு கீழே இறங்காமல் தடுக்கும் 10 மில்லிமீட்டர் இன்சுலேஷன் பலகை, அதன்மேல் புதுப் பாய். 230 வோல்ட்டில் 1,800 வாட் என்றால் கேபிளின் மின்தடையை மல்டிமீட்டர் 29 ஓம் பக்கம் காட்ட வேண்டும், காட்டியது. பாதி டைல்ஸ் ஒட்டியதும் மறுபடி வைத்தேன்: முள் அசையவே இல்லை. பசை பூசும் கரண்டியின் முனை கேபிளை வெட்டியிருந்தது! நல்லவேளை, பசை ஈரமாக இருந்தது. அந்த ஒரு டைலை மட்டும் நெம்பி, ரிப்பேர் கிட்டால் இணைத்து, திரும்ப அளந்தோம். அப்புறம்தான் உயிர் வந்தது.

தரைச் சூட்டை அளக்கும் சென்சாரைக் குழாய்க்குள் விட்டிருக்கிறேன், கெட்டால் உருவி மாற்றலாம். எர்த் லீக்கேஜ் (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) வழியாகக் கனெக்‌ஷன் கொடுத்தது எலக்ட்ரீஷியன். பசை காயும்வரை ஸ்விட்சைத் தொடவில்லை.

இப்போது முக்கால் மணியில் சூடு ஏறிவிடுகிறது. முதலில் இடம் பிடித்தது பூனை.