லோட் ஆல்ல ஓடுது, லைப்ரரியில காணேல்லை: என்ர முதல் ஆர் பக்கேஜ்

கிளிநொச்சி காலபோக மழைக் கணக்கைக் கூட்டுற நாலைஞ்சு ஃபங்ஷனை ஆர் எண்ட புரோகிராமிங் மொழியில ஒரு பக்கேஜாக், அதாவது ஒரே பொதியாக் கட்டுவம் எண்டு வெளிக்கிட்டு மூண்டு நாள் போச்சு (ஆர் எண்டா அம்மா "ஆர் வந்தது" எண்டு கேக்கிறா, அது வேற கதை). இன்ஸ்டோல் பண்ணாமலே பக்கேஜை ஏத்திப் பாக்கிற லோட் ஆல் குடுத்தா எல்லாம் ஓடும், இன்ஸ்டோல் பண்ணி லைப்ரரியால கூப்பிட்டா மட்டும் அப்பிடியொரு ஃபங்ஷனே இல்லை எண்டு நிக்கும்.

ஆரைப் புதுசாப் போட்டன். பக்கேஜ் பேரில இருந்த புள்ளியை எடுத்தன், பிறகுதான் தெரியும் புள்ளி நடுவில வரலாம், அண்டர்ஸ்கோர்தான் கூடாது. ரெண்டும் வீண்.

கடைசியா, வெளியில குடுக்கிற ஃபங்ஷன் பேரெல்லாம் இருக்கவேண்டிய நேம்ஸ்பேஸ் ஃபைலைத் திறந்தா, கோடில இருக்கிற குறிப்பைப் பாத்து அந்த ஃபைலை எழுதுற ராக்ஸிஜனின்ர தலைப்பு வரி மட்டும் கிடக்கு. கோடில ஃபங்ஷனை வெளியில குடுக்கச் சொல்லி @எக்ஸ்போர்ட் போட்டுத்தானே இருக்கு? எழுத்தைப் பெருசாக்கினாப் பிறகுதான் கண்டன், போன் நோட்ஸில எழுதிக் கொண்டுவந்து ஒட்டினதால #' எண்டு இருக்கவேண்டியது #’ எண்டு வளைஞ்சு போய்க் கிடக்கு. ராக்ஸிஜனுக்கு நேர்க்குறி மட்டும்தான் விளங்கும், வளைஞ்சது வெறும் கமென்ட், அதால எரரும் வராது. லோட் ஆல் எக்ஸ்போர்ட் பண்ணாததையும் சேத்துத் திறந்து விடும், அங்கதான் ஏமாந்தனான்.

ஃபைண்ட் ரிப்ளேஸில எல்லாத்தையும் நேராக்கி, ராக்ஸிஜனைத் திரும்ப ஓட்டுற டாகுமென்ட் குடுத்து, திரும்ப இன்ஸ்டோல் பண்ண ஓடிச்சுது.