டிரம்ஸ் ஹெட் வாங்கும் முன்

மதுரைப் பக்கம் திருவிழா மேடைகளில் இன்னிசைக் கச்சேரி வாசிப்பவர்கள் டாம்களுக்கு (டிரம்ஸ் செட்டில் அடியில் கம்பி இல்லாத சிறிய, நடுத்தர டிரம்கள்) இரண்டடுக்கு ஹெட் (டிரம்மின் மேல் இழுத்துப் பொருத்தும் பிளாஸ்டிக் படலம்) போடுவதே நல்லது. ரெமோ எம்பரர், இவான்ஸ் ஜி2 என்ற இரண்டு ஹெட் மாடல்களிலும் 7 மில் படலம் இரண்டு இருக்கும் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஓங்கி அடித்தாலும் தாங்கும். சர்ச்சில் அடக்கி வாசிப்பவர்களுக்கு 10 மில் ஒற்றை அடுக்கு போதும், கூடுதல் காசு வீண்.

ஸ்நேருக்கு (அடியில் கம்பிகள் பொருத்திய டிரம்) மேலே சொரசொரப்பான கோட்டிங் உள்ள ஹெட்டாக வாங்குங்கள். வழவழப்பான ஹெட்டில் பிரஷ் (குச்சிக்குப் பதில் பிடிக்கும் மெல்லிய இழைக் கற்றை) உரசினால் சத்தம் சரியாக எழாது. அடிப்பக்கத்துக்கு 'ஸ்நேர் சைடு' என்றே கேளுங்கள். 3 மில் அளவுக்கு மெல்லியது, குச்சி பட்டால் கிழியும். அதற்குப் பதில் டாம் ஹெட்டைத் தந்தால் வாங்காதீர்கள், கம்பியின் சலசலப்பு மந்தமாகிவிடும். அப்புறம், அளவெடுக்கும்போது ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தைக் கழற்றிவிட்டு ஷெல்லின் (டிரம்மின் உருளை உடல்) விட்டத்தை மட்டும் அளக்கவும்.