கொழும்பில் சைக்கிள் பாதை கேட்பது எப்படி: தட்டிக்கழிக்க முடியாத கோரிக்கை ஒன்றைத் தயாரித்தல்

2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது சைக்கிளைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். எரிபொருள் வந்ததும் பேச்சு அடங்கிவிட்டது. "நகரத்துக்குச் சைக்கிள் பாதை வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால், "கவனத்தில் எடுத்துள்ளோம்" என்ற பதிலோடு காரியம் முடிந்துவிடும். ஒரு வீதித் துண்டைக் குறிப்பிட்டு, அதற்குப் பொறுப்பான அலுவலகத்திடமே கேளுங்கள்.

முதலில் வீதி யாருடையது என்று உறுதிப்படுத்துங்கள். ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. காலி வீதி ஏ2. உள்வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் மாநகர சபையிடம் இருக்கும். தவறான இடத்துக்குப் போன கடிதம் அலுவலகம் அலுவலகமாக அலைந்து காணாமல் போகும். அரசியல்வாதிகள் ஒளிந்துகொள்வதும் இந்த இடைவெளியில்தான்.

பிறகு 500 மீற்றர் முதல் ஒரு கிலோமீற்றர் வரையான துண்டொன்றைத் தெரிவுசெய்யுங்கள். உதாரணமாக, வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதிச் சந்தியிலிருந்து மரைன் டிரைவ் வழியே ஒரு பகுதி. ஞாயிறு அதிகாலையில் இரண்டு பேர் 30 மீற்றர் அளவுநாடாவோடு போய், 50 மீற்றருக்கு ஒரு தடவை வீதியின் அகலத்தை எழுதுங்கள். தரித்து நிற்கும் வாகனங்கள், பஸ் தரிப்பிடங்கள், வடிகான் மூடிகள் எல்லாவற்றையும் படத்தோடு குறியுங்கள். மூடியின் இடுக்குகள் வீதியின் நீளவாக்கில் இருந்தால் சில்லு சிக்கி ஆள் விழுவார்; அதைக் குறுக்குவாக்கில் மாற்றுவது செலவு குறைந்த வேலை, முதலிலேயே கேளுங்கள்.

சைக்கிளோட்டிகளை எண்ணுவது வேலைநாளில், காலை 6.30 முதல் 8.30 வரை, 15 நிமிடத்துக்கு ஒரு கணக்காக. பாடசாலைப் பிள்ளைகளையும் உணவு விநியோகிப்பவர்களையும் தனியாகக் குறியுங்கள். "சைக்கிளில் போக ஆளே இல்லையே" என்பதுதான் முதலில் வரும் சாட்டு.

என்ன கேட்பது? பாதையின் அகலம் ஒரு திசைக்கு 2 மீற்றர், மிகக் குறைந்தது 1.5 மீற்றர். வெறும் வர்ணக் கோட்டை ஏற்காதீர்கள். அன்றைக்கே அதில் ஓட்டோ நிற்கும். ஓட்டோ ஏறக்குறைய 1.3 மீற்றர் அகலம், 2.6 மீற்றர் நீளம். ஆகவே பாதையைப் பிரிக்கும் பக்கவாட்டுத் தூண்களுக்கிடையிலும் 1.2 மீற்றருக்கு மேல் விடக்கூடாது, நுழைவாயிலும் 1.2 மீற்றராகக் குறுக வேண்டும். தரித்திருக்கும் கார்களின் அருகே பாதை போனால், கதவு திறக்க இன்னும் ஒரு மீற்றர் விடச் சொல்லுங்கள். சந்திகள்தான் மிக ஆபத்தானவை: இடப்பக்கம் திரும்பும் வாகனம் நேராகப் போகும் சைக்கிளை வெட்டும். வளைவின் ஆரையைச் சிறிதாக்கினால் வேகம் குறையும். பூங்காவில் உலாப் பாதை தருகிறோம் என்றால், அது வேலைக்குப் போகிறவருக்கு உதவாது என்று எழுத்தில் சொல்லுங்கள்.

கடிதத்தோடு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் ஒன்றையும் கொடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும்; மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதன்பின் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு. பலர் தவறுவது கேள்வியில்தான்: "ஏன் செய்யவில்லை?" என்பதற்கு அவர்களிடம் ஆவணம் இருக்காது. "இந்தத் துண்டுக்கான வரைபடத்தின் பிரதி, கடந்த மூன்று ஆண்டுகளில் சைக்கிள் வசதிக்கு ஒதுக்கிய தொகை, செலவிட்ட தொகை" என்று கேளுங்கள். பூச்சியம் என்று பதில் வந்தாலும் அது கையொப்பமிட்ட பூச்சியம்.

தமிழிலேயே எழுதலாம், தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். ஆனாலும் எடுத்த அளவுகளை வைத்து நீங்கள் வரையும் அளவுப் படத்தில் சிங்களக் குறிப்புகளையும் சேர்த்தால் பொறியியலாளர் உடனே வாசிப்பார்.

2023 மார்ச் முதல் 2025 மே தேர்தல் வரை மாநகர சபையில் மக்கள் பிரதிநிதிகள் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள். அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் ஆண்டு முடிவில் நிறைவேறுவதால், ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே வட்டார உறுப்பினரைச் சந்தித்து, பிரேரணையின் வாசகத்தை நீங்களே எழுதிக் கையில் கொடுங்கள். வாய்மொழி உறுதியோடு திரும்ப வேண்டாம். சபைக் கூட்ட அறிக்கையின் பிரதியைக் கேளுங்கள்.

வீதிக்கு அடுத்து எப்போது காபட் (புதிய தார் மேற்பரப்பு) போடப்படும் என்பதையும் அதே தகவல் விண்ணப்பத்தில் கேளுங்கள். எப்படியும் புதுக்கோடு வரையும் வேலை அது. உங்கள் அளவுப் படம் அதற்கு ஒரு மாதம் முன்பாவது பொறியியலாளரின் மேசையில் இருக்க வேண்டும்.