பீர் காய்ச்சும் பானையில் வால்வும் பிக்கப் டியூபும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பானையில் துளை போட்டு வால்வு வைக்கப் போகிற எல்லோருக்கும் ஒரே பயம்தான், வெளியே ஒழுகிவிடுமோ என்று. ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும், நட்டைக் கொஞ்சம் இறுக்கலாம், ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை மாற்றலாம், தீர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத கசிவுதான் பெரிய தொல்லை. பானைக்குள்ளே வால்வும் பிக்கப் டியூபும் (அடியில் இருப்பதை வால்வுக்குக் கொண்டுவரும் குழாய்) சேருகிற இடத்தில் காற்று புகுந்தால் வெளியே ஒரு சொட்டுகூட வராது. வோர்ட் (இன்னும் புளிக்காத பீர்ச் சாறு) நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், மட்டம் துளைக்குக் கீழே இறங்கியதும் களக்கென்று நின்றுவிடும். நான் முதலில் செய்த பானையில் இதுதான் நடந்தது, வெளிப்பக்க நட்டை மூன்று முறை கழற்றி மாட்டிய பிறகுதான் உள்ளே பார்க்கவேண்டும் என்று தோன்றியது. 40 செ.மீ. அகலமுள்ள பானையில் துளை 4 செ.மீ. உயரத்தில் இருந்தால் அடியில் தங்குவது ஏறத்தாழ 5 லிட்டர், அது சின்ன இழப்பு இல்லை.

துளை மேலே இருக்கிறது, டியூபின் வாய் கீழே இருக்கிறது. கீழே இருப்பது மேலேறி வெளியே வரவேண்டுமென்றால் சைஃபன் வேலை செய்தாகவேண்டும், நடுவில் காற்று புகுந்தால் அது அறுந்துவிடும். அதனால் டியூபை நிப்பிளில் (துளை வழியாகப் போகிற, மரை போட்ட குட்டைக் குழாய்) சும்மா செருகிவிட்டு விடாதீர்கள். கம்ப்ரெஷன் ஃபிட்டிங் (நட்டை இறுக்கினால் டியூபைச் சுற்றிலும் கவ்விக்கொள்ளும் இணைப்பு) போடுங்கள், அல்லது இறுக்கமான சிலிக்கான் ஓஸ் துண்டாவது போடுங்கள். இன்னொன்றையும் பலர் மறக்கிறார்கள்: வால்வின் வாயிலிருந்து ஒரு ஓஸ் பானையின் அடிமட்டத்துக்கும் கீழே இறங்கவேண்டும். ஓஸ் இல்லாமல் வால்வை அப்படியே திறந்துவிட்டால் மட்டம் துளையின் உயரத்துக்கு வந்ததும் ஓட்டம் நின்றுவிடும், டியூபை எவ்வளவு நன்றாகப் பொருத்தியிருந்தாலும் சரி.

துளை போடுவதில் நடக்கிற முதல் தவறு, ஃபிட்டிங் கையில் வருவதற்கு முன்பே துளை போடுவது. அரை இஞ்ச் நிப்பிள் என்பது பெயர்தான், அதன் வெளி விட்டம் 21.3 மி.மீ. வெல்டிங் இல்லாத செட்டுகளில் சில 20.6 மி.மீ. துளை கேட்கும், சில 22 மி.மீ. கேட்கும். அளந்து பார்த்துவிட்டு வெட்டுங்கள், பெரிதாகப் போய்விட்ட துளையைச் சின்னதாக்க முடியாது. உயரத்தையும் பாருங்கள். அடியோரம் வளைகிற இடத்தில் துளை விழுந்தால் வாஷர் தட்டையாக உட்காராது, ஓ-ரிங் ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் இளித்துக்கொண்டு நிற்கும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் டிரில்லை வேகமாக ஓட்டாதீர்கள். பிட் வெட்டாமல் உரசிக்கொண்டே இருந்தால் அந்த இடம் இறுகிப் போய்விடும், அப்புறம் எதுவும் இறங்காது. பஞ்ச் வைத்து ஒரு குழி தட்டி, 3 மி.மீ. பிட்டில் ஆரம்பித்து, பிறகு படிப்படியாக அகலமாகிற கூம்பு வடிவ ஸ்டெப் பிட்டை மெதுவான சுழற்சியில், கட்டிங் ஆயில் விட்டுக்கொண்டே, நன்றாக அழுத்தி ஓட்டுங்கள். பின்பக்கம் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தால் தகடு நெளியாது. முடிந்ததும் துளையின் இரு பக்கமும் பிசிறை அரத்தால் வழித்து எடுக்கவேண்டும், இதைத் தவிர்த்தால் புது ஓ-ரிங் மாட்டும்போதே கீறிவிடும்.

மரை விஷயத்தில் ஏமாறுவது ரொம்ப எளிது. அரை இஞ்சில் என்.பி.டி. (அமெரிக்கக் குழாய் மரை), பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய் மரை) இரண்டுக்குமே இஞ்சுக்கு 14 மரைதான், அதனால் ஒன்றோடொன்று இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறும். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 60 டிகிரி, மற்றதில் 55. டெஃப்லான் டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் அந்த ஜோடியை நம்பமுடியாது. எல்லாப் பாகமும் ஒரே வகையா என்று வாங்கும்போதே பாருங்கள். ஓ-ரிங்கைப் பொறுத்தவரை சிலிக்கானே போதும், அதைப் பிதுங்கும் அளவுக்கு இறுக்காதீர்கள், பிதுங்கிய ஓ-ரிங் கொதிநிலையில் இடம் மாறிவிடும். பித்தளை ஃபிட்டிங் என்றால் ஈயம் கலக்காதது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

டியூபின் வாய் அடியைத் தொடக்கூடாது. குறைந்தது டியூபின் உள் விட்டத்தில் கால் பங்கு இடைவெளி வேண்டும், 12 மி.மீ. டியூபுக்கு 3 மி.மீ. அதற்குக் குறைந்தால் ஓட்டம் திணறும், ரொம்ப உயர்த்தினால் வோர்ட் வீணாகும். எந்தப் பக்கம் திருப்புவது? வோர்ட்டைச் சுழற்றிவிட்டு வண்டலைப் படியவிடுகிறவர்கள் டியூபைச் சுவரோரமாகவே வைக்கவேண்டும், வண்டல் நடுவில்தான் குவியும், அங்கே வாயை வைத்தால் அது முழுவதும் உள்ளே வரும். அடியில் சல்லடைத் தட்டு போடுகிறவர்களுக்கு மட்டும் நடுவே சரி. ஹாப்ஸை (பீருக்குக் கசப்பு தரும் பூ) பையில் போடாமல் அப்படியே கொட்டுகிறவர்கள் வாயில் வலை மாட்டிக்கொள்ளலாம், ஆனால் ரொம்ப நெருக்கமான வலை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

முதல் சோதனையை வோர்ட்டில் செய்யாதீர்கள். தண்ணீர் நிரப்பி, ஓஸ் மாட்டி, தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, அடியில் மிஞ்சியதை அளந்து பாருங்கள். டியூபின் வாய் மட்டத்துக்கு மேல் தண்ணீர் நின்றால் உள் இணைப்பில் காற்று புகுகிறது என்று அர்த்தம். பிறகு ஒருமுறை கொதிக்க வைத்துப் பாருங்கள், குளிர்ந்த தண்ணீரில் ஒழுகாதது சூட்டில் ஒழுகுவதுண்டு. மிஞ்சிய அளவைக் குறித்து வைத்து, ஒவ்வொரு முறையும் அந்த அளவைக் கூட்டிக் காய்ச்சுங்கள். வால்வை அவ்வப்போது கழற்றிக் கழுவுங்கள், உள்ளே திறந்து மூடுகிற உருண்டைக்குப் பின்னால் பழைய வோர்ட் தங்கும். கழற்றுவதற்கு மூன்று துண்டாகப் பிரிகிற பால் வால்வே வசதி.