ஆக்சிஜன் சிலிண்டர்தானேன்னு அசால்ட்டா இருக்காதீங்க: வெல்டிங் பட்டறைல தவிர்க்க வேண்டிய தப்புங்க

கேஸ் கட்டிங் நடக்குற எந்தப் பட்டறைக்குப் போனாலும் ரெண்டு சிலிண்டர் நிக்கும், கருப்பு ஆக்சிஜன், மெரூன் கலர்ல டிஏ, அதாவது அசிட்டிலின். எல்லாருக்கும் பயம் மெரூன் மேலதான், எரியுற கேஸாச்சே. ஆக்சிஜன்னா காத்துதானேன்னு ஒரு நெனப்பு. என்னைக் கேட்டா பெரிய ஆபத்தே அந்த நெனப்புதான்.

ஆக்சிஜன் தானா எரியாது, சரி. ஆனா பக்கத்துல எது எரிஞ்சாலும் அதை வெறித்தனமா எரிய வைக்கும். ஃபுல் சிலிண்டர்ல கிட்டத்தட்ட 150 கிலோ பிரஷர் இருக்கும், வால்வை டக்குனு திறந்தா அது ரெகுலேட்டருக்குள்ள பாஞ்சு அமுங்குறதுலயே அந்த இடம் பயங்கரமா சூடாகும், அங்க துளி கிரீஸ் இருந்தா தீப்பொறியே வேணாம், பத்திக்கும். நட்டு டைட்டா இருக்குன்னு ஒரு சொட்டு எண்ணெய் விடுறது நம்மாளுங்க கைப்பழக்கம். லேத்துல வேலை பாத்த கையோட வந்து ரெகுலேட்டர் மாட்டுறது, எண்ணெய் துணியால வால்வைத் துடைக்கிறது எல்லாம் அதே கணக்குதான். கையைக் கழுவிட்டு வாங்க, அவ்ளோதான் செலவு.

இன்னொண்ணு, ஆக்சிஜன் ஹோஸை வச்சு சட்டைல தூசி ஊதுறது. வெயில் காலத்துல டேங்குக்குள்ள உக்காந்து வெல்டிங் பண்றவர் புழுக்கம் தாங்காம ஆக்சிஜனைத் திறந்து விட்டுக்குவாரு. துணி ஆக்சிஜனைப் புடிச்சு வச்சுக்கும், அப்புறம் ஒரு பொறி பட்டா ஆளு உடம்போட எரியும், தட்டி அணைக்க நேரமே கிடைக்காது. ஏசி மெக்கானிக்குங்களுக்கும் இது பொருந்தும், லீக் பாக்க நைட்ரஜன் இல்லைன்னு ஆக்சிஜனை ஏத்துனா கம்ப்ரஸர்ல இருக்குற ஆயிலோட சேர்ந்து வெடிச்சிரும். நைட்ரஜன் வர்ற வரைக்கும் வெயிட் பண்ணச் சொல்லுங்க, கஸ்டமர் திட்டுனாலும் பரவால்ல.

திறக்குறதுக்கு முன்னாடி ரெகுலேட்டர் ஸ்க்ரூ லூஸா இருக்கான்னு பாருங்க, மீட்டருக்கு நேரா முகத்தை வைக்காம பக்கவாட்டுல நின்னு மெதுவா திறங்க. ஆக்சிஜன் வால்வை முழுசா திறக்கணும், பாதில விட்டா ஸ்பிண்டில், அதாவது வால்வுத் தண்டு வழியா கசியும். டிஏ அதுக்கு நேர் எதிர், ஒரு சுத்து, மிஞ்சிப் போனா ஒண்ணரை, சாவி அப்படியே வால்வு மேலயே இருக்கணும், ஏன்னா ஏதாச்சும் ஆச்சுன்னா ஒரே திருப்புல மூடணும். நிறைய பட்டறைல அந்தச் சாவி எங்கயோ டூல் பாக்ஸ் அடில கிடக்கும்.

டிஏவைப் படுக்க வச்சு யூஸ் பண்ணவே கூடாது. உள்ள நுண்துளை உள்ள ஒரு பொருள் அடைச்சு, அதுல அசிட்டோன் ஊத்தி, அதுலதான் கேஸைக் கரைச்சு வச்சிருக்காங்க, படுத்தா அசிட்டோன் ஹோஸுக்கு வந்துரும். குட்டி யானைல படுத்துட்டு வந்திருந்தா நிமித்தி வச்சு சில மணி நேரம் விடுங்க, அவசரம்னாலும். பிரஷரை 1 கிலோவுக்கு மேல ஏத்தாதீங்க, அசிட்டிலின் அதுக்கு மேல போனா காத்தே இல்லாம தானா வெடிக்கக் கூடியது. ஹோஸ் கிழிஞ்சா செம்பு பைப் வச்சு ஜாயிண்ட் போடுறதும் வேணாம், செம்போட சேர்ந்து லேசாத் தட்டினாலே வெடிக்கிற பொருள் உருவாகும்.

டார்ச்சுல இருக்குற தீ ஹோஸ் வழியா சிலிண்டர் பக்கம் திரும்பி ஓடுறதுதான் ஃப்ளாஷ்பேக், அதைத் தடுக்குறது ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர்; அதைப் போடாத முதலாளிங்க பத்தி சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். சங்கிலி கட்டுறது, மூடி போடாம உருட்டக் கூடாதுங்கறது எல்லாருக்கும் தெரியும், செய்யத்தான் மாட்டாங்க. காலி சிலிண்டரையும் கொஞ்சம் பிரஷர் மிச்சம் இருக்கப்பவே மூடிருங்க, இல்லன்னா வெளிக்காத்தும் ஈரமும் உள்ள போயிரும். லீக் பாக்க சோப்புத் தண்ணி போதும், தீப்பெட்டி வேண்டாம் சாமி.

ஃப்ளாஷ்பேக் ஆகி டிஏ பாடி சூடாக ஆரம்பிச்சா மட்டும் ஹீரோயிசம் வேணாம். உடனே மூட முடிஞ்சா மூடிட்டு எல்லாரையும் வெளிய அனுப்புங்க, 101க்கு அடிங்க, தூரத்துல மறைவா நின்னு தண்ணி அடிக்க முடிஞ்சா அடிச்சுட்டே இருங்க. வெளிய தீ அணைஞ்சாலும் உள்ள கேஸ் உடைஞ்சு சூடேறிட்டு இருக்கலாம். நனைஞ்ச பாடி சீக்கிரம் காய்ஞ்சு ஆவி வந்துச்சுன்னா இன்னும் அடங்கலைன்னு அர்த்தம், ஃபயர் சர்வீஸ்காரங்க சரின்னு சொல்ற வரைக்கும் யாரும் அதைத் தொடவோ நகத்தவோ கூடாது.