எந்த அணிக்குக் கைதட்டுவது, எந்த வரிசையில் உட்காருவது

என் அக்கா மகன் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, "மாமா, ஆபீஸில் எல்லோரும் லிவர்பூல், ஆர்சனல் என்றே பேசுகிறார்கள். நானும் ஒரு காற்பந்து அணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எதைப் பிடிப்பது?" என்று கேட்டான். புதுக் கைப்பேசி வாங்க யோசனை கேட்பது போலிருந்தது. அவனிடம் அன்று சொன்னதையும் பிறகு நானே பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் சனிக்கிழமை மாலை 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே இரவு 10 மணிக்கு. குளிர்காலத்தில் 11 மணிக்கு. வாரநாளில் நடக்கும் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் என்றால் விடியற்காலை 3 அல்லது 4 மணி. காலை ஷிப்டுக்குப் போகிறவர் இதை யோசிக்காமல் காதலில் விழக் கூடாது. இங்கிலாந்து அணியே வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் லிவர்பூல்காரன்தான். அப்பாவிடமிருந்து எனக்கு வந்த சொத்து அது ஒன்றுதான். ஆனால் அதை இரண்டாவது அணியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் அணி, பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். தொலைக்காட்சியைப் பார்த்து எவ்வளவு கத்தினாலும் பக்கத்து வீட்டாருக்குத்தான் கேட்கும்.

தெம்பனிஸில் குடியிருந்தால் தெம்பனிஸ் ரோவர்ஸ் இருக்கிறது. நமது தெம்பனிஸ் நடுவத்தில் நூலகமும் சாப்பாட்டுக் கடைகளும் காற்பந்துத் திடலும் ஒரே இடத்தில் உள்ளன. ஹவ்காங், கேலாங், பாலஸ்டியர் பெயர்களிலும் அணிகள் உண்டு. லிட்டில் இந்தியாவில் வேலை என்றால், முஸ்தஃபாவில் பருப்பு வாங்கிக்கொண்டு பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் ஜாலான் புசார் அரங்கம். சுமார் 6,000 இருக்கைதான். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதுகூடக் காதில் விழும்.

மூன்று ஆட்டம் பாருங்கள். எந்தத் தோல்விக்குப் பிறகு தூக்கம் வரவில்லையோ அதுதான் உங்கள் அணி. கிண்ணங்களை எண்ணிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 2025 மே மாதம் பீஷானில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் லீக் 2 இறுதியாட்டத்தில் நம்மூர் லயன் சிட்டி செய்லர்ஸ், ஷார்ஜா அணியிடம் 1-2 என்று தோற்றது. காயங்களுக்கான கூடுதல் நிமிடங்களில் சமன் செய்து, அந்தக் கூச்சல் அடங்குமுன்னே இன்னொரு கோலை வாங்கியது. என் நண்பர் ஒருவர் அன்றுவரை அந்த அணியைப் பணக்கார அணி என்று கேலி செய்துகொண்டிருந்தார். அந்த இரவிலிருந்து அவர் அதன் தீவிர ஆதரவாளர்.

அணியைத் தேர்ந்தெடுத்தாயிற்று. அதைவிடக் கடினமான பாடம் இனிமேல்தான்: சொந்த அரங்கத்தில் எதிரணி ஆட்கள் நிறைந்திருக்கும்போது என்ன செய்வது?

நம் தேசிய அரங்கம் இருக்கும் காலாங்கில் இது புதிதல்ல. 2023இல் டோட்டன்ஹாம் இங்கே வந்து செய்லர்ஸை 5-1 என்று வென்றபோது, உள்ளூர்க்காரர்களே லண்டன் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். 2024 மார்ச்சில் சீனாவுக்கு எதிரான உலகக் கிண்ணத் தகுதியாட்டத்தில் நான் செய்த தவறு இன்னும் மோசம். டிக்கெட்டைக் கடைசி நாளில் வாங்கினேன். எந்தப் பகுதி என்று பார்க்கவில்லை. போய் உட்கார்ந்தால் சுற்றிலும் சீன ஆதரவாளர்கள். இரு தரப்புக்கும் சிவப்புதான் நிறம் என்பதால் உட்காரும்வரை எனக்கு உறைக்கவே இல்லை. இரண்டு கோல் பின்தங்கியிருந்த நம் அணி 2-2 என்று சமன் செய்தபோது நான் ஒருவன் மட்டும் எழுந்து நின்றேன். முன்வரிசைப் பாட்டி ஒருவர் திரும்பிப் பார்த்து, எனக்கு ஒரு கமலா ஆரஞ்சு கொடுத்தார். சமாதானமா, பரிதாபமா என்று இன்றும் தெரியவில்லை.

ஆகவே டிக்கெட் விற்பனை தொடங்கிய வாரத்திலேயே வாங்குங்கள். நான்கு பேராகச் சேர்ந்து, உள்ளூர் ஆதரவாளர் பகுதி எது என்று பார்த்து வாங்குங்கள். நிறம் ஒன்றாக இருந்தால் கொடியோ கழுத்துத் துண்டோ கொண்டுபோங்கள். போக முடியாமல் போனால் டிக்கெட்டை எதிரணி நண்பருக்குத் தள்ளிவிடாதீர்கள். அரங்கம் கைமாறுவது இப்படி ஒவ்வோர் இருக்கையாகத்தான். எதிர்நாட்டுத் தேசிய கீதத்தின்போது வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். பிறகு நடுவரை "காயு!" என்று கத்திக்கொள்ளலாம். மலாயில் மரக்கட்டை என்று பொருள். பழைய அரங்கத்திலிருந்து வழிவழியாக வந்த வசவு.

வந்து நிறைகிறவர்கள்மீது கோபப்படவும் எனக்கு யோக்கியதை இல்லை. 1994இல் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்துக்கு நாங்கள் பஸ் பஸ்ஸாகப் பாலம் கடந்து ஷா ஆலம் போனோம். பாகாங் மாநில அணியை 4-0 என்று வென்றோம். அப்பாஸ் சாட் மூன்று கோல் அடித்தார். மலேசிய மண்ணில் எங்கள் சத்தம்தான். பாகாங் ரசிகர்களின் முகத்தை அன்று யார் பார்த்தது?

தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 2025 அக்டோபர் 9, ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்று, சிங்கப்பூரும் இந்தியாவும். நான் சிவப்புச் சட்டையோடு மின்தூக்கியில் ஏறியபோது பக்கத்து வீட்டு மக்சிக் (மலாயில் அத்தை), "இன்று நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டார். இரண்டரை வருடம் தேசிய சேவை செய்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் என் பக்கத்தில் நீலச் சட்டையில் அக்கா மகன் நின்றிருந்தான். அவரையும் குறை சொல்ல முடியாது.

இருவரும் உள்ளூர்ப் பகுதியில்தான் உட்கார்ந்தோம். (செய்யாதீர்கள். விருந்தாளியை அவன் ஆட்களோடு உட்கார விடுங்கள். ஆட்டம் முடிந்து சந்தித்துக்கொள்ளலாம்.) இடைவேளைக்குச் சற்று முன் இக்சான் ஃபாண்டி கோல் அடித்ததும் நான் துள்ளினேன். அவன் முழங்கால்களுக்கு நடுவே கையை வைத்துக்கொண்டு புல்லைப் பார்த்தான். இரண்டாம் பாதி தொடங்கியதுமே இந்தியாவின் சந்தேஷ் ஜிங்கான் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். எதிரே பத்துப் பேர்தான். "முடிந்தது. போகும் வழியில் பரோட்டா சாப்பிடலாம், நான் வாங்கித் தருகிறேன்" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

90ஆவது நிமிடம். நம் தற்காப்பில் ஒரு தடுமாற்றம். ரஹீம் அலி பந்தை வலைக்குள் தள்ளினார். அரங்கில் அங்கங்கே நீலம் எழுந்து குதித்தது. இவனும் பாதி எழுந்தான். என் முகத்தைப் பார்த்தான். சட்டென்று குனிந்து காலணி நாடாவைக் கட்டத் தொடங்கினான். அவன் போட்டிருந்ததோ நாடா இல்லாத காலணி.

1-1. நம் ஆட்கள் பலர் அதற்குள் வாசலை நோக்கி நடந்துவிட்டார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். காலியான இருக்கைகள்தான் எதிரணியின் சத்தத்தைப் பெரிதாக்குகின்றன. ஆட்டக்காரர்கள் வட்டமடித்துக் கைதட்டும்வரை நில்லுங்கள். அதற்குள் ஸ்டேடியம் ரயில் நிலைய வாசலில் வரிசை நீண்டுவிடும். அதில் நிற்காமல் காலாங் நிலையத்துக்கு நடந்துவிடுங்கள். கால் மணி நேரம்தான், தொண்டையும் சற்று ஆறும்.

நாங்களும் நடந்தோம். பேச்சே இல்லை. பரோட்டாவுக்கு அவன்தான் காசு கொடுத்தான்.